அந்த நாலு சக்கரத்தையும் கழற்று, தரணி

தரணி, மற்றதையெல்லாம் அப்புறம் படித்துக்கொள். வண்டி நிற்கிற இடத்திலிருந்து அதை எடுக்காதே. லோடு ஏற்றியாகிவிட்டது, விடியக் கிளம்ப வேண்டும், தேங்காய்க்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று நீ சொல்வது எனக்கு இங்கிருந்தே கேட்கிறது. என்ன ஆனாலும் எடுக்காதே. காலையிலிருந்து பதினேழு முறை உனக்குப் போன் செய்துவிட்டேன், அப்பாவும் ஆறு முறை செய்தார். முந்தாநாள் நான் பேசிய பேச்சுக்கு நீ எடுக்காமல் இருப்பது நியாயம்தான். ஆனால் இந்தச் சரக்கு வண்டிக்காரர்களின் வாட்ஸப் குழுவை நீ பார்க்காமல் இருக்க மாட்டாய். இன்று மதியம்கூட இதில்தானே, "கணியூர்ல தேங்காய் ஏத்தீட்டு இருக்கறனுங்ணா, நாளைக்கு விடிய பெங்களூர் போறேன், திரும்பி வர லோடு இருந்தாச் சொல்லுங்க" என்று போட்டிருந்தாய்? அதைப் பார்த்த பிறகுதான் நீ எங்கே இருக்கிறாய் என்பதே எங்களுக்குத் தெரிந்தது. அதனால் அப்பாவின் போனை வாங்கி இந்தக் குழுவிலேயே எழுதுகிறேன். எல்லோரும் படிப்பார்கள். படிக்கட்டும்.

"வண்டியை எடுக்காதே, சக்கரம் கழன்றுவிடும்" என்று மதியமே உனக்கு ஒரு வரி அனுப்பினேன். நீ பார்த்திருந்தாலும், அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்று தள்ளிவிட்டிருப்பாய். நீ மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன், காரணம் சொன்னால்தான் கேட்பாய். உன் மாமாவின் வேன் சாயப்பட்டறைக்குத் துணி கொண்டுபோயிருக்கிறது, திரும்பி வர ஆறு மணி ஆகுமாம். அது வந்தால்தான் நான் கணியூருக்குப் புறப்பட முடியும். அதுவரை நடந்ததையெல்லாம் வரிசையாக எழுதி, எழுத எழுத ஒவ்வொரு பத்தியாக அனுப்புகிறேன். போன மாதமே எழுதியிருக்க வேண்டியது.

போன மாதம் அந்த அலாய் வீல்களை நீ வாசலில் இறக்கி வைத்தபோது அப்பா கிண்டல் செய்தாரே, நினைவிருக்கிறதா? "வண்டிக்குக் கம்மல் மூக்குத்தியெல்லாம் போட்டாச்சு, இனி மாப்பிள்ளை பாக்க வேண்டீதுதான் பாக்கி." நீயும் சிரித்துக்கொண்டே, "இருக்கட்டுங்ப்பா, வண்டிதான் உங்க பேர்ல இருக்குது, சக்கரமாச்சும் என்ற பேர்ல இருக்கட்டும்" என்றாய். சிரிப்பாகச் சொன்னாலும் அதில் உன் ஆசை முழுவதும் இருந்தது. அப்பாவின் முழங்கால் போன பிறகு இரண்டு வருடமாகத் துணி பின்னுகிற நிட்டிங்குக்கும் சாயம் ஏற்றுகிற டையிங்குக்கும் நடுவே துணி ரோல்களைச் சுமந்து ஓடியவன் நீ. உன் சம்பாத்தியத்தில் உனக்கென்று வாங்கிய முதல் பொருள் அந்தச் சக்கரங்கள். அதனால்தான் முதல் சக்கரத்தை மாட்டும்போதே ஏதோ இடிக்கிறது என்று தெரிந்தும் எனக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை.

அன்று இடித்தது நடுத்துளை. வண்டியின் ஹப், அதாவது சக்கரத்தைத் தாங்குகிற அந்த நடுக்குமிழ், பழைய இரும்புச் சக்கரத்தின் நடுத்துளைக்குள் இறுக்கமாக உட்காரும். புதிய சக்கரத்தில் துளை பெரிதாக இருந்தது. சுண்டுவிரல் நகம் நுழைகிற அளவுக்குச் சுற்றிலும் இடைவெளி. நீதான் முதலில் கண்டுபிடித்தாய். "இதுக்குன்னு ரிங் இருக்குதும்மா, கோயமுத்தூர்ல சொல்லிவிட்டா நாலு நாள்ல வரும்" என்றாய். நான் என்ன சொன்னேன்? "நாலு நாளா வண்டி சும்மா நிக்கறது? அட போடா, கோன் கெடக்குதில்ல." நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியிலிருந்து நூல் தீர்ந்த பச்சைப் பிளாஸ்டிக் கோன்களை எடுத்துவந்து, என் துணி வெட்டும் கத்தரிக்கோலாலேயே பட்டை பட்டையாக வெட்டினேன். இரண்டு சுற்றாக ஹப்பில் சுற்றி, டேப் ஒட்டி, மேலே சக்கரத்தைத் தள்ளியபோது கச்சிதமாக ஏறியது. "அம்மா, நீ பேசாம எங்க காலேஜுக்கு வாத்தியாராப் போயிரு" என்றாய். அந்தப் பெருமையில் மறுநாள் கம்பெனியில் செக்கிங் டேபிள் முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தேன். இந்த ஊரில் எது உடைந்தாலும் கோனும் எலாஸ்டிக்கும் நூலும் வைத்துச் சரிசெய்துவிடலாம் என்கிற திமிர் நம் எல்லோருக்கும் உண்டு. வாத்தியார் வேலைக்கே போகலாம் என்று நீ புகழ்ந்த அந்தக் கைதான் உன் சக்கரத்தைக் கெடுத்தது, கண்ணு.

இரண்டாம் நாளே நடுக்கம் தொடங்கிவிட்டது. ஐம்பதுக்குக் கீழே ஒன்றுமில்லை, அறுபதைத் தொட்டதும் ஸ்டியரிங் உதறுகிறது, எண்பதுக்குப் போனால் கொஞ்சம் அடங்குகிறது என்றாய். பேலன்சிங் பார்க்கிற கடைக்கு இரண்டு முறை போனாய். "மெஷின்ல ஜீரோ காட்டுதுங்க, எங்க பக்கம் தப்பில்ல" என்றார்கள். அலைன்மென்ட் கடையில் "எல்லாம் நேரா இருக்குது" என்று சீட்டுக் கொடுத்தார்கள். சக்கரம் விற்ற கடையில், "வீலு புதுசுங்க, டயரைப் பாருங்க" என்றார்கள். மூன்று கடையிலும் ஓகே, வண்டி மட்டும் உதறியது. இது நமக்குப் புதிதா? நூல்காரர் நூல் சரி என்பார், நிட்டிங்காரர் துணி சரி என்பார், சாயப்பட்டறையில் சாயம் சரி என்பார்கள், கடைசியில் பனியன் மட்டும் கோணிக்கொண்டு நிற்கும். ஒவ்வொருவரும் தன் பங்கை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற ஊரில் இருபது வருடமாகத் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். இரண்டு பேருடைய வேலை ஒன்றோடொன்று ஒட்டுகிற இடத்தில்தான் குற்றம் ஒளிந்திருக்கும் என்று தினமும் சொல்லிக்கொடுக்கிறவள் நான். என் வாசலில் நின்ற வண்டியில் அதைப் பார்க்கவில்லை.

நீ பார்த்தாய். முன்சக்கரங்களைப் பின்னால் மாற்றிப் போட்டுவிட்டு வந்து, "நடுக்கம் கையை உட்டுட்டு இடுப்புக்குப் போயிருச்சும்மா, சீட்டுதான் இப்ப உதறுது. அப்பன்னா வண்டில ஒண்ணுமில்ல, சக்கரத்தோட வருது" என்றாய். எவ்வளவு சரியான பேச்சு. நான் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே "ம்" என்றேன். தினமும் காலையில் ஸ்பேனரை எடுத்து நட்டுகளை இறுக்கிவிட்டுத்தான் கிளம்பினாய். ஒவ்வொரு நாளும் கால் சுற்று, அரைச் சுற்று என்று அவை மேலும் இறுகியதை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். நேற்று இறுக்கியது இன்று ஏன் தளர வேண்டும் என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

முந்தாநாள் சாயப்பட்டறை மேனேஜர் நம் வாசலில் நின்று, துணி ரோல் சரிந்து அழுக்கானதைச் சொல்லிச் சத்தம் போட்டார். வண்டி உதறுவதால்தான் சரிந்தது என்று நீ விளக்க முயன்றாய். நான் உள்ளே இருந்து வந்து, அவர் முன்னாலேயே, "வண்டி ஆடலைங்க, இவன் கைதான் ஆடுது. பொழுதுக்கும் போனு" என்றேன். அவர் சிரித்தார். நீ என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தாய். அப்பா கூப்பிட்டதற்கு, "இனி துணி லோடே எனக்கு வேண்டாங்ப்பா" என்றது மட்டும்தான் கடைசியாகக் கேட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவிடம்கூட. நீ ஏழாவது படிக்கும்போது எங்கள் கம்பெனியில் சுனிதா என்று ஒரிசாப் பெண் ஒருத்தி தையலில் இருந்தாள். ஒரு ஆர்டர் முழுக்க, துவைத்ததும் பக்கத்துத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்துவிட்டது. அந்த லைனில் தைத்தவள் அவள். தையலை இழுத்துத் தைத்திருக்கிறாள் என்று நான் அறிக்கை எழுதினேன், அவளை நிறுத்திவிட்டார்கள். "தீதி, மேஜை மேல வச்சப்ப சரியாத்தானே இருந்துச்சு, நீங்கதானே அளந்து பாத்தீங்க" என்று அரைகுறைத் தமிழில் என்னிடம் கேட்டாள். தீதி என்றால் அவள் ஊரில் அக்கா. இரண்டு நாள் கழித்து, தைக்காத துணியை வெட்டித் துவைத்துப் பார்த்தபோது அதுவும் முறுக்கியது. தப்பு துணியில் இருந்தது, அவள் கையில் இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் எனக்கு இன்சார்ஜ் பதவி கொடுத்திருந்தார்கள், போய்விடுமோ என்று பயம். அவள் ரயில் ஏறிப் போய்விட்டாள். குற்றம் எங்கே என்று தெரியாதபோது பக்கத்தில் நிற்கிறவன் கையைக் காட்டுவது எனக்கு அப்போதே பழகிவிட்டது போல. முந்தாநாள் உன் கையைக் காட்டினேன். உன் வாழ்க்கையில் யாராவது உன் கீழே வேலை செய்யும் நாள் வந்தால், இதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே.

இன்று காலை வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தைக் கூட்டினேன். முன்பக்க வலது சக்கரம் நிற்கிற இடத்தில் பச்சைப் பொடி கிடந்தது. எடுத்து நசுக்கிப் பார்த்தேன். நான் வெட்டிய கோன். விளக்குமாறைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. கோனை நீளவாக்கில் கீறி விரித்தால் நேரான பட்டை வராது, வளைந்த பட்டைதான் வரும். காலருக்குப் பேட்டர்ன் வெட்டக் கல்லூரியில் மூன்று வருடம் படித்தவளுக்கு இது தெரியாதா? வளைந்த பட்டையை உருண்டையான ஹப்பில் சுற்றினால் ஒரு ஓரம் மேலே ஏறும். ஏறிய ஓரம் சக்கரத்துக்கும் ஹப்பின் முகத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். சக்கரம் ஒட்டி உட்கார்ந்ததுபோலத் தெரியும், ஆனால் உட்கார்ந்திருக்காது. பிரேக் சூட்டில் பிளாஸ்டிக் இளகும், நசுங்கும், பொடியும். பொடியப் பொடிய நட்டு தளரும். நீ இறுக்குவாய். இன்னும் கொஞ்சம் பொடியும். தினமும் நீ இறுக்கியது அந்தப் பிளாஸ்டிக்கைத்தான், கண்ணு.

அதோடு முடியவில்லை. அப்பா டப்பாவில் போட்டு வைத்திருந்த உபரி நட் ஒன்றையும், என் தையல் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு நீ சக்கரம் வாங்கிய கடைக்குப் போனேன். போவதற்கு முன் நம் ஷெட்டில் கிடக்கிற பழைய இரும்புச் சக்கரத்தின் துளையில் சாக்பீஸைத் தடவி, நட்டை வைத்து அழுத்தித் திருகினேன். நட்டின் அடி உருண்டையாக இருக்கிறது, கிண்ணத்தின் அடி மாதிரி. துளையும் அதே மாதிரி குழிந்திருக்கிறது. சாக்பீஸ் முழு வட்டத்துக்கும் அகலமாக அழிந்தது. கடையில் உன் சக்கரம் மாதிரியே இன்னொன்றை இறக்கச் சொல்லி அதே சோதனையைச் செய்தேன். அந்தத் துளை குழியாக இல்லை, புனல் மாதிரி நேர்ச் சரிவாக இருக்கிறது. சாக்பீஸ் ஒரு நூல் அளவுக்குத்தான் அழிந்தது. ஒரு நூல், தரணி. உருண்டை அடியும் நேர்ச் சரிவும் தொட்டுக்கொள்கிற இடம் அவ்வளவுதான். அந்த ஒரு நூலில்தான் ஒன்றரை டன் தேங்காயோடு உன்னையும் தாங்கி வண்டி நிற்கப்போகிறது.

கடைக்காரப் பையனிடம் கேட்டேன். "ஏனுங்க தம்பி, இதுக்குன்னு நட்டு தனியா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்கக்கா. கேட்டாக் குடுப்போம்."

"கேக்கலீன்னா?"

"பழைய நட்டையே போட்டுட்டுப் போயிருவாங்க. இதுவரைக்கும் யாரும் வந்து சொன்னதில்லீங்க."

"சக்கரம் கழண்டு போனவன் எப்புடிங்க திரும்ப வந்து சொல்லுவான்?" என்றேன். பாவம், அவனைச் சொல்லியும் என்ன செய்ய. அப்புறம் மெதுவாக, "அக்கா, இந்த மாடல் ஜீப்புக்கு வர்றதுங்க. லோடு வண்டிக்குன்னு வாங்கீட்டுப் போன அண்ணன் சொல்லவே இல்ல" என்றான். சக்கரத்தின் பின்பக்கம் எவ்வளவு எடை தாங்கும் என்று அச்சிட்டிருக்கிறது, எனக்குக் காட்டினான். உன் வண்டியில் லோடு ஏற்றினால் அது போதாது. ஆகையால் சரியான நட்டு வாங்கி மாட்டினாலும் பிரச்சினை தீராது. இதை எழுதும்போது உன் முகம்தான் கண் முன்னால் நிற்கிறது. அந்தச் சக்கரங்கள் நன்றாகத்தான் இருந்தன. மினுமினுவென்று இருந்தன. நான் ஒருநாளும் அதைச் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் பஞ்சர் கடை பழனியப்பண்ணனிடம் நின்று, மெஷினில் ஏன் ஜீரோ காட்டியது என்று கேட்டேன். அவர் டயரைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "மெஷினு சக்கரத்த அதோட நடுத்துளைலதானுங்க புடிக்குது. அங்க அது நடுவுல நிக்குது, நல்லாத்தான் சுத்தும். வண்டில நட்டுதானுங்களே புடிக்கோணும்? நட்டு கோணலாப் புடிச்சா மெஷின் என்ன பண்ணும்?" சுனிதா கேட்டதேதான் எனக்குக் கேட்டது. அளக்கிற இடத்தில் சரியாக இருப்பது வேறு, ஓடுகிற இடத்தில் சரியாக இருப்பது வேறு. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்து, "பையன் எங்கீங்க இப்ப?" என்றார். சொன்னேன். அவர் கையிலிருந்த டயரைக் கீழே வைத்துவிட்டு, "லோடோடவா? அய்யோ, நிறுத்தச் சொல்லுங்க, மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க" என்றார். எதற்கும் பதறாத மனிதர் அவர்.

இப்போது நீ செய்ய வேண்டியது. ஸ்பேனரில் ஏறி நின்று இறுக்கிவிட்டுக் கிளம்பலாம் என்று நினைக்காதே. இறுக்கமாக இருப்பதுபோல் கைக்குத் தெரியும், அதுதான் ஆபத்து. எல்லாச் சக்கரத்துக்கும் கல் வைத்துவிட்டு, டார்ச் அடித்து ஒவ்வொரு நட்டையும் பார். நட்டைச் சுற்றிக் கறுப்புத் தூளோ, பளபளவென்று தேய்ந்த வளையமோ இருந்தால் அந்தச் சக்கரம் ஏற்கெனவே அசைந்திருக்கிறது. கழற்றியபின் துளை நீள்வட்டமாகியிருக்கிறதா, போல்டின் மரை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேய்ந்திருந்தால் போல்டையே மாற்றாமல் பழைய சக்கரத்தைக்கூட மாட்டக் கூடாது என்கிறார் பழனியப்பண்ணன். லோடை இறக்காமல் ஜாக்கி வைக்காதே. தேங்காய்க்காரர் திட்டினால் என் நம்பரைக் கொடு, நான் திட்டு வாங்கிக்கொள்கிறேன். ஹைவேயில் சக்கரம் கழன்று போனால் உனக்கு மட்டும் ஆவதில்லை. குழந்தையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு டூவீலரில் ஒருத்தி வருவாள், சக்கரம் அவளைத் தேடிப் போகும். நீ பிழைத்து, அதைத் தூக்கிக்கொண்டு காலம் முழுக்க வாழ்வாய். எனக்கு அந்தப் பயமும் இருக்கிறது.

உன்னைப் பெற்றபோது எனக்கு இருபது வயது. கடைசி வருடத் தேர்வை உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் உன் டீச்சர் என்னைப் பார்த்து, "நீங்க அக்காங்களா?" என்று கேட்டதற்கு நாம் இருவரும் வீடு வரும்வரை சிரித்தோம். உன்னோடு சேர்ந்தே நானும் வளர்ந்ததால், தெரியாததைத் தெரியாது என்று உன்னிடம் சொல்ல எனக்கு எப்போதும் கூச்சம். அம்மா என்றால் எல்லாம் தெரிந்தவளாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அன்று நீ ரிங் வரட்டும் என்றபோது, "எனக்கு இது தெரியாது கண்ணு, நாலு நாள் பொறுப்போம்" என்று சொல்லியிருந்தால் போதும். இனி எதுவானாலும், நான் சொன்னாலும், அப்பா சொன்னாலும், அவசரத்தில் யாராவது "இது போதும்" என்று கையில் எதையாவது கொடுத்தால் வாங்காதே. நீ பொறுத்திருந்தால் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

வேன் வந்துவிட்டது. பழைய நாலு சக்கரத்தையும் உன் மாமா ஏற்றிக்கொண்டிருக்கிறார், அப்பா வாசலில் நின்று எண்ணி எண்ணிப் பார்க்கிறார். பழைய சக்கரத்துக்கான வண்டிக் கம்பெனி நட்டு இருபத்துநாலும் புதிதாக வாங்கியாகிவிட்டது. பல்லடம், உடுமலை வழியாக வருகிறோம், இரண்டு மணி நேரம் ஆகும். நீ என்னோடு பேச வேண்டாம். நான் வேனை விட்டு இறங்கவும் மாட்டேன், வேண்டுமென்றால். மாமாவும் நீயும் மாட்டுங்கள், நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். உன் கை ஆடவில்லை. அதை நான் அந்த மேனேஜரிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், இன்று மதியம்.

இதில் இருக்கிற அண்ணன்மார்களே, தம்பிகளே, ஒரு தாய் கேட்கிறேன். முதலில் அனுப்பியதைக்கூட இன்னும் அவன் பார்க்கவில்லை, படித்தவர்கள் பட்டியலில் அவன் பெயர் வரவில்லை. நாங்கள் வந்து சேர்வதற்குள் அவன் வண்டியை எடுத்துவிடலாம். கணியூர், மடத்துக்குளம் பக்கம் இப்போது யாராவது இருந்தால் தேங்காய்க் களங்களில் ஒரு நடை பாருங்கள். வெள்ளைப் பிக்கப், வெள்ளிச் சக்கரம், ஒல்லியாக, உயரமாக இருப்பான். உங்களைத் திட்டுவான், எங்கம்மாவுக்கு வேற வேலையில்லை என்பான். அவனிடம் ஒன்றும் விளக்க வேண்டாம். சாவியை மட்டும் எடுத்து உங்கள் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். நான் வந்துகொண்டே இருக்கிறேன்.